துண்டுக்குள்ள இருக்குறது யாரு கை?

வெளிநாட்டு கிளையன்ட்டோட பேசப் போறவங்களுக்கு கம்பெனியில அரை நாள் வகுப்பு ஒண்ணு எடுப்பாங்க. ஐ.டி.யில இருக்குறவங்க ஒரு தடவையாவது மாட்டியிருப்பீங்க. ஜப்பான்காரர் விசிட்டிங் கார்டை நீட்டினா ரெண்டு கையாலயும் வாங்கணும், வாங்கின கையோட பாக்கெட்ல சொருகக் கூடாது. ஜெர்மன்காரர்கிட்ட பத்து மணின்னா பத்து மணி. அரபு நாட்டுக்காரர் காபி கொடுத்தா வேண்டாம்னு சொல்லக் கூடாது. எல்லாம் உபயோகமான சமாச்சாரம்தான். ஆனா கடைசியில ஒரு ஸ்லைடு வரும் பாருங்க, உலக வரைபடத்தை ரெண்டா வெட்டி வச்சிருப்பாங்க. மேற்கே விலையை வெளிப்படையா சொல்லுவாங்களாம், கிழக்கே பேரம் பேசுவாங்களாம், உறவு பார்த்து வியாபாரம் பண்ணுவாங்களாம். ஏதோ தாய்ப்பால்ல கலந்து வந்த மாதிரி.

அந்த ஸ்லைடுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். அது உண்மையிலேயே கிழக்கு மேற்கு விவகாரமா? அப்புறம், உறவு உறவுன்னு சொல்றோமே, அந்த உறவுக்குள்ள யார் இருக்கா, யார் வெளிய நிக்கிறா? இந்த ரெண்டையும் கொஞ்சம் வரலாற்றுல தேடிப் பார்த்தேன்.

நமக்குத் தெரிஞ்ச இடத்துல இருந்து ஆரம்பிப்போம். எனக்கு ஊர் அல்லிநகரம். நகராட்சிக்குப் பேரே தேனி-அல்லிநகரம்தான், ஆனா வெளியூர்ல சொன்னா "அது எங்க இருக்கு?"ம்பாங்க, "பாரதிராஜா பொறந்த ஊர்"னு சொன்னாத்தான் ஓஹோன்னு தலையாட்டுவாங்க. கம்பம் பள்ளத்தாக்குல விளையுறதும், மேல ஏலமலையில இருந்து இறங்குறதும் வந்து சேர்ற வாசல் தேனி. அதனால எங்க பக்கம் விவசாயி ஒரு கண்ணு வயல்ல வச்சிருந்தா இன்னொரு கண்ணு சந்தையில இருக்கும்.

சின்ன வயசுல தாத்தா கூட மாட்டுச்சந்தைக்குப் போயிருக்கேன். மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்க, சுழி பார்ப்பாங்க, ஒரு சுத்து நடக்க விட்டுப் பார்ப்பாங்க. அதுவரைக்கும் ஒரே சத்தமா இருக்கும். விலைன்னு வந்துட்டா சத்தம் நின்னுடும். தரகர் தோள்ல கிடக்குற துண்டை எடுத்து கை மேல போட்டுக்குவார். அதுக்குள்ள ரெண்டு பேர் விரலும் பேசும். ஒருத்தர் தலையை ஆட்டுவார், கையை உருவிக்குவார், மறுபடி உள்ள விடுவார். வெளியில பார்க்குறவனுக்கு ஒண்ணும் புரியாது. "எவ்வளவு தாத்தா முடிஞ்சது?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் சந்தைக்குள்ள வாயால சொல்லக் கூடாதுய்யா"ன்னுட்டார். நாங்க மாட்டை ஓட்டிக்கிட்டு ரோட்டுக்கு வந்தப்புறம்தான் தொகையே சொன்னார்.

இதை நம்ம ஊர்க்காரங்க கண்டுபிடிச்ச வித்தைன்னுதான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். லுதோவிகோ தி வர்தேமான்னு ஒரு இத்தாலியர். 1505 வாக்குல கோழிக்கோட்டுக்கு வந்தவர், அவரோட பயணப் புத்தகம் 1510ல் ரோமாபுரியில் அச்சாச்சு. அதுல கோழிக்கோட்டு மொத்த வியாபாரத்தை எழுதியிருக்கார். வாங்குறவன், விற்கிறவன் எல்லாம் வட்டமா நிக்கிறாங்க, நடுவுல தரகர், கையில ஒரு துணி. விற்கிறவன் விரலைப் பிடிச்சு, துணியால மூடி, ஒரு வார்த்தை பேசாம விலை கேட்குறார். அப்புறம் வாங்குறவன்கிட்டப் போய் அதே மாதிரி. தாத்தா சந்தையில நான் பார்த்தது அப்படியே ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி, மாட்டுக்குப் பதிலா மிளகுக்கும் துணிக்கும் நடந்திருக்கு.

அதுக்கும் நூறு வருஷம் முன்னாடி, சீனத் தளபதி ஷெங் ஹெவோட கப்பல்களில் மொழிபெயர்ப்பாளரா வந்தவர் மா ஹுவான். அவரும் கோழிக்கோட்டைப் பத்தி எழுதியிருக்கார், அதுல எனக்குப் பிடிச்ச இடம் ரெண்டு. சீனப் பட்டுக்கு விலை பேசி முடிக்க சீக்கிரம்னா ஒரு மாசம், இழுத்தா ரெண்டு மூணு மாசம் ஆகுமாம் (நம்ம ப்ராஜெக்ட் எஸ்டிமேஷன் மீட்டிங் எல்லாம் எவ்வளவோ தேவலை). ஆனா விலை முடிஞ்சு, எல்லாருமா கையைப் பிடிச்சுக்கிட்டாச்சுன்னா, அப்புறம் சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் யாரும் பேச்சு மாற மாட்டாங்க. வெளிநாட்டுக் கப்பல்காரனுக்கு அது பெரிய ஆச்சரியமா இருந்திருக்கு. ரெண்டாவது, அங்க கணக்கு பார்க்க மணிச்சட்டம் கிடையாது, கை விரலும் கால் விரலும்தான், ஆனா ஒரு துளி தப்பாது.

விரல் கணக்கோட முழு விவரத்தை எழுதி வச்சவர் தவெர்னியே. பிரெஞ்சு நகை வியாபாரி, 17ஆம் நூற்றாண்டுல ஆறு தடவை கிழக்கே வந்தவர், அவர் புத்தகம் 1676ல் வந்தது. தக்காணத்து வைரச் சுரங்கத்துல ரெண்டு பேர் எதிரும் புதிருமா உட்கார்ந்து, இடுப்புத் துணிக்கு அடியில கை கோர்த்து வியாபாரம் பண்றதைப் பார்த்திருக்கார். முழுக் கையைப் பிடிச்சா 1,000. அஞ்சு விரலை மட்டும் பிடிச்சா 500. ஒரு விரல்னா 100, பாதி விரல் 50, விரல் நுனி 10. எத்தனை தடவை அமுக்குறாங்களோ அத்தனை மடங்கு. பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியாமலேயே ஒரே பொட்டலம் பல கை மாறிடுமாம். எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன், அதுவும் பேட்டரி இல்லாம :-)

பாரசீக வளைகுடாவிலும் இதே கதைதான். பஹ்ரைன் முத்து வியாபாரிகள் துணிக்கு அடியில விரலைப் பிடிச்சுத்தான் விலை பேசினாங்க. சீனாவுல நீளமான சட்டைக் கைக்குள்ள. ஆக இந்தியப் பெருங்கடலைச் சுத்தி இருந்தவங்களுக்கு இது ஒரு பொது பாஷை. கோழிக்கோட்டுக்காரனும் பஹ்ரைன்காரனும் பேச்சுல ஒத்துப்போக மாட்டாங்க, விரல்ல ஒத்துப்போயிடுவாங்க.

ஏன் மறைக்கணும்? ஏமாத்துறதுக்குத்தான்னு நம்மள்ல பாதிப் பேர் சொல்லுவோம். நான் அப்படி மட்டும் நினைக்கலை. ஒருத்தர் பொண்ணு கல்யாணச் செலவுக்கு மாட்டை விக்க வந்திருக்கார்னு வைங்க. அவர் இறங்கி வந்தே ஆகணும். ஆனா ஊர்க்காரங்க நூறு பேர் முன்னாடி "சரி, இன்னும் ரெண்டாயிரம் குறைச்சுக்கோங்க"ன்னு வாய் விட்டுச் சொல்ல முடியுமா? சொன்னா அன்னைக்கு மாடு போகும், கூடவே கௌரவமும் போகும். துண்டுக்குள்ள இறங்கினா யாருக்கும் தெரியாது. வாங்குறவருக்கும் அப்படித்தான். ரொம்பக் குறைச்சுக் கேட்டாலும் எதிராளிக்குக் கோபம் வராது, ஏன்னா அந்த அவமானத்துக்கு சாட்சி கிடையாது. ரெண்டு பேரும் அடுத்த வாரமும் அதே சந்தையில மூஞ்சியைப் பார்த்தாகணும். அப்படிப்பட்ட இடத்துல துண்டுங்கறது ஒரு நாகரிகம். வாய்ல சொன்னா விலை ஊருக்கே பொதுவாயிடும். விரல்ல சொன்னா அது ரெண்டு பேருக்கு மட்டும்.

இப்ப அந்த ஸ்லைடோட முதல் பாதிக்கு வருவோம். மேற்கே விலை வெளிப்படையாமே, எப்போ இருந்து?

17ஆம் நூற்றாண்டு நடுவுல இங்கிலாந்துல க்வேக்கர்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவு கிளம்புச்சு. அவங்க தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ், கடையில ஒரு விலை சொல்லி அப்புறம் குறைக்கிறதே பொய் சொல்றதுதான், அதனால ஒரே விலை சொல்லுங்கன்னு தன் ஆட்களுக்குச் சொன்னார். முதல்ல கூட்டம் குறைஞ்சிருக்கு. அப்புறம், சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் அதே விலைக்குத்தான் கொடுப்பாங்கன்னு தெரிஞ்சதும் ஜனம் அந்தக் கடைகளுக்கே போக ஆரம்பிச்சிடுச்சு. இதை ஒரு பெரிய அதிசயமா அவங்க எழுதி வச்சிருக்காங்கன்னா என்ன அர்த்தம்? மத்த கடையெல்லாம் பேரம்தான்! பாரிஸ்ல ஒரு பெரிய ஜவுளிக்கடை சாமானுக்கு விலைச்சீட்டு ஒட்டி, பேரம் கிடையாதுன்னு பேர் வாங்கினது 1852க்கு அப்புறம், பூசிக்கோ என்பவர் போன் மார்ஷேக்குள்ள வந்த பிறகு. அதாவது 200 வருஷம்கூட ஆகலை.

இன்னும் வேடிக்கை, அவருக்கு ஏறக்குறைய 170 வருஷம் முன்னாடியே ஒருத்தர் இதைப் பண்ணிட்டார். அவர் இருந்தது "கிழக்கே". இன்னைக்கு டோக்கியோன்னு சொல்ற எடோ நகரத்துல 1673ல் மிட்சுயி தகதோஷி ஒரு ஜவுளிக்கடை போட்டார், பேர் எச்சிகோயா. அதுவரைக்கும் ஜவுளிக்காரங்க பெரிய மனுஷங்க வீட்டுக்கே துணியை எடுத்துட்டுப் போய், கடனுக்குக் கொடுத்து, வருஷத்துக்கு ரெண்டு தடவை வசூல் பண்ணுவாங்க. கடன் வராமப் போறதையும் சேர்த்து விலையை ஏத்திச் சொல்லுவாங்க. மிட்சுயி சொன்னது ரொம்ப சிம்பிள்: கடைக்கு வாங்க, ரொக்கம் கொடுங்க, விலையில பொய் கிடையாது. 1683ல் இதைத் துண்டு நோட்டீஸ் அடிச்சே விநியோகிச்சார். நம்ம மளிகைக் கடையில தொங்குற "இன்று ரொக்கம் நாளை கடன்" போர்டுக்கு அவரை முப்பாட்டன்னு சொல்லலாம்.

ஆக, பேரம் பேசுற குணம் ஒரு கண்டத்துக்குச் சொந்தம் இல்லை. முகம் தெரிஞ்சவனோட வியாபாரம் பண்ற ஊர்ல பேரமும் கடனும் இருக்கும், முகம் தெரியாத ஆயிரம் பேர் வந்து போற நகரத்துல விலைச்சீட்டு வரும். எடோவுக்கு முதல்ல வந்துச்சு, பாரிஸுக்கு அப்புறம். வரைபடத்தை ரெண்டா வெட்டுறதுக்குப் பதிலா காலண்டரை வெட்டியிருந்தா அந்த ஸ்லைடு கொஞ்சம் உருப்பட்டிருக்கும்.

இவ்வளவு நேரம் துண்டுக்கு வக்காலத்து வாங்கினேன். ஆனா வரலாறு இதோட நின்னுட்டா நல்லா இருக்கும், நிக்கலை.

1926ல் பிரிட்டிஷ் அரசாங்கம் இந்திய விவசாயத்தைப் பத்தி ஆராய ஒரு ராயல் கமிஷன் போட்டுச்சு, லின்லித்கோ தலைமையில. 1928ல் அறிக்கை வந்தது. (அதே 1928லதான் மதுரையில இருந்து போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது. 2010 கடைசியில அகலப்பாதை வேலைக்காக நிறுத்தி, தேனிக்கு 2022லயும் போடிக்கு 2023லயும்தான் மறுபடி ரயிலைக் கண்ணுல காட்டினாங்க. அது தனிப் பதிவு, தனிப் புலம்பல்.) சந்தைகளைப் பத்தி அந்தக் கமிஷன் குறை சொன்ன விஷயங்கள்ல ஒண்ணு, துணிக்கு அடியில நடக்குற ரகசிய பேரம். வெள்ளைக்காரனுக்கு நம்ம பழக்கம் புரியலைன்னு தள்ளிவிடலாம்னா முடியலை. ஏன்னா அவங்க சொன்ன காட்சியைப் பாருங்க: விவசாயி பருத்தியை வண்டியில ஏத்திக்கிட்டு வந்து நிக்கிறார். துணிக்குள்ள ஒரு கை வாங்குற கம்பெனியோட தரகருது. இன்னொரு கை கமிஷன் கடைக்காரருது. சரக்குக்குச் சொந்தக்காரர் பக்கத்துல நின்னு துணியைப் பார்த்துக்கிட்டு இருக்கார்.

மாட்டுச்சந்தைக்கும் இதுக்கும் இதுதான் வித்தியாசம். என் தாத்தா கை துண்டுக்குள்ள இருந்துச்சு. பருத்திக்காரர் கை இல்லை. ரெண்டு பேருக்கு நடுவுல இருக்குறப்ப மரியாதையா இருந்த ரகசியம், மூணாவது ஆள் வெளிய நின்ன உடனே வேற என்னமோ ஆயிடுது. அந்த ரெண்டு கைக்காரங்களும் வருஷம் முழுக்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறவங்க. விவசாயி வருஷத்துக்கு ஒரு தடவை வர்றவர். அதுவும் விதைக்கும் உரத்துக்கும் அதே கமிஷன் கடையில முன்பணம் வாங்கினவர்னா, "கட்டுப்படியாகாது"ன்னு சரக்கைத் திருப்பி ஏத்திக்கிட்டும் போக முடியாது. உறவுதான், ஆனா கடன் வச்ச உறவு.

1933ல் சென்னை மாகாணத்துல வணிகப் பயிர்ச் சந்தைகளுக்குன்னு ஒரு சட்டம் வந்து, 1936ல் திருப்பூர்ல பருத்திக்காக முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் திறந்தாங்க. இன்னைக்கு நம்ம ஊர்கள்ல பஸ்ல போறப்ப பார்க்குற அந்த மஞ்சச் சுவர் கட்டடங்களோட பூர்வீகம் அதுதான்.

பஹ்ரைன்லயும் இதே கேள்வி வந்திருக்கு. முத்து வியாபாரி கையும் படகுத் தலைவன் கையும் துணிக்குள்ள. மூச்சடக்கிக் கடலுக்குள்ள போய் எடுத்தவன் கை எங்கயும் இல்லை. முத்து என்ன விலைக்குப் போச்சுன்னே அவனுக்குத் தெரியாது, படகுத் தலைவன்கிட்ட வாங்கின கடன் மட்டும் வருஷா வருஷம் ஏறும். 1920களில் அங்க சீர்திருத்தம்னு கொண்டு வந்ததுல முக்கியமானது, ஒவ்வொரு முத்துக்குளிக்கிறவனுக்கும் ஒரு கணக்குப் புத்தகம் கொடுக்கணும்கறது. ஒரு நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான். கடன் கொடுத்தவங்க அதை சுலபமா ஒத்துக்கலை.

துண்டுன்னு சொல்லும்போது இன்னொண்ணையும் சொல்லாம விட முடியாது. தென்மாவட்டங்கள்ல தோள்ல துண்டு போடறதே எல்லாருக்கும் உள்ள உரிமையா இருக்கலை. மேல்சாதிக்காரர் எதிர்ல வந்தா தோள்ல இருக்குறதை எடுத்து இடுப்புல கட்டணும், இல்லைன்னா அக்குள்ல இடுக்கணும். அப்படி இருந்த இடத்துல துண்டுக்குள்ள கை கோர்க்குற அந்த சமமான மரியாதை எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைச்சிருக்கும்னு நான் நம்பலை. "நம்ம பாரம்பரிய வியாபார நாகரிகம்"னு பெருமையா எழுதுறவங்க இந்த இடத்தை வேகமாத் தாண்டிப் போயிடுறாங்க.

ஏலக்காய் கதைக்கு வருவோம், ஏன்னா எங்க பள்ளத்தாக்கு உலகத்தோட கை குலுக்குறது அது வழியாத்தான். மலை மேல இடுக்கிப் பக்கம் விளையும், போடியில விற்கும், கப்பல் ஏறும். வளைகுடா நாடுகள்தான் பழைய பெரிய வாடிக்கை. அங்க வீட்டுக்கோ கடைக்கோ யார் வந்தாலும் முதல்ல காபி, அந்தக் காபியில ஏலக்காய். காது இல்லாத சின்னக் கிண்ணம், அதுலயும் கொஞ்சம்தான் ஊத்துவாங்க. நிறைய ஊத்தினா சீக்கிரம் கிளம்புன்னு சொல்றதா அர்த்தமாம்! நம்மூர்ல டம்ளர் தளும்பலைன்னா சம்பந்தி கோவிச்சுக்கிட்டுப் போயிடுவார். போதும்னா கிண்ணத்தை லேசா ஆட்டிக் கொடுக்கணும், இல்லைன்னா ஊத்திக்கிட்டே இருப்பாங்க. அந்தக் காபி உபசாரத்தை 2015ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்துச்சு. அங்க பேச்சுவார்த்தை தொடங்குற முதல் வாய் காபியில நம்ம மலைக்காரங்க உழைப்பு கலந்திருக்கு. ஆனா அது நமக்கு மட்டும் சொந்தம் இல்லை. முதல் உலகப்போர் காலத்தை ஒட்டி ஏலச்செடி குவாத்தமாலாவுக்குப் போச்சு, 1980களில் ஏற்றுமதியில நம்மளைத் தாண்டிடுச்சு. இத்தனைக்கும் அங்க இருக்குறவங்க ஏலக்காயை அவ்வளவா சமையல்ல சேர்க்கிறதில்லை. யாரோ எங்கயோ விருந்தாளியை எப்படி வரவேற்கிறாங்கங்கறதை நம்பி ரெண்டு கண்டத்துல விவசாயம் நடக்குது.

1965ல் ஏலக்காய்ச் சட்டம், அடுத்து ஏலக்காய் வாரியம், 1987ல் அது நறுமணப்பொருள் வாரியத்துக்குள்ள கலந்தது. உரிமம் வாங்கினவங்க நடத்துற ஏலத்துல, மாதிரிக் காயைக் கையில வச்சு உருட்டி, நிறமும் பருமனும் பார்த்து, வாய் விட்டு விலை கேட்பாங்க. 2007ல் மின்னணு ஏலம் வந்தது, போடியிலயும் மலை மேல புத்தடியிலயும். இப்ப வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னாடி, விலை திரையில ஓடும். 2019 ஆகஸ்ட்ல அதிகபட்சமா கிலோ 7,000 ரூபாய்க்குப் போனப்ப, அந்த எண்ணை கொச்சிக்காரரும் பார்த்தார், ரெண்டு ஏக்கர் வச்சிருக்குற சின்னத் தோட்டக்காரரும் பார்த்தார். 1928 கமிஷன் பார்த்த பருத்திக்காரருக்குக் கிடைக்காத விஷயம் அது.

திரை வந்துட்டா துண்டு போயிடுமா என்ன. ஏலத்துல எடுத்த சரக்கையே மறுபடி ஏலத்துக்குக் கொண்டு வந்து விலையைக் கெடுக்குறாங்கன்னு தோட்டக்காரங்க புகார் சொன்னாங்க, அதுக்கு 'ரீபூலிங்'னு பேரும் இருக்கு. சாஃப்ட்வேர்காரன் பார்வையில சொல்றேன், திரையில காட்டுற எண் சரியா இருக்கலாம், அந்த எண் எப்படி வந்துச்சுங்கறது வேற லேயர். முன்பணம் கொடுத்து சரக்கைக் கட்டிப்போடுற பழக்கமும் மலையை விட்டு இறங்கிடலை. அந்தத் தோட்டக்காரருக்கு 7,000 தெரிஞ்சது. அவர் பச்சைக்காயை ஏற்கனவே ஒருத்தருக்குப் பேசி முடிச்சிருந்தார்னா, தெரிஞ்சதோட சரி.

மாட்டுச்சந்தையில இன்னும் துண்டுதான். தாத்தா இருந்தவரைக்கும் அந்தக் கணக்கை எனக்கு முழுசா சொல்லிக் கொடுக்கலை, எங்க பக்கம் கட்டை விரலுக்குத் தனிக் கணக்கு உண்டுன்னு மட்டும் சொன்னார். ஊருக்கு ஊர் மாறும்னு கேள்விப்பட்டேன். மணப்பாறை, பொள்ளாச்சி, அந்தியூர்ப் பக்கத்து ஆட்கள் யாராவது இருக்கீங்களா? உங்க ஊர்ல எந்த விரலுக்கு எவ்வளவு? தரகர் வீட்டுப் பிள்ளைகளா இருந்தா இன்னும் விசேஷம், தொழில் ரகசியம்னா தனி மெயில்ல சொன்னாலும் போதும் :-)